இரவுப் பதற்றத்துக்குப் பின்னால் இருந்தவை: இறுதிக்கட்டப் பராமரிப்பில் மனநலம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியும் பரிந்துரைக் கடிதமும்

61 வயதுப் பெண். பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துநராக நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. இரண்டு வகைக் கீமோ கொடுத்தும் கட்டி வளர்ந்துகொண்டே போனதால், புற்றுநோய் மருத்துவர் அந்தச் சிகிச்சையை நிறுத்திவிட்டு எங்கள் பாலியேட்டிவ் (நோயின் துன்பத்தைத் தணிக்கும் பராமரிப்பு) குழுவுக்கு அனுப்பினார். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "கடும் பதற்றம், தூக்கமின்மை. மனச்சோர்வு இருக்கலாம். கவுன்சலிங் தேவை. நோயின் நிலை நோயாளிக்குத் தெரியாது."

கடைசி வாக்கியம் தவறு என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. முதல் மூன்றும் தவறில்லை. ஆனால் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு ஆலோசகர் ஒருவரை அனுப்பியிருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருப்பார். பதற்றம் அப்படியே இருந்திருக்கும். சாகும் தறுவாயில் இருப்பவரின் பதற்றத்தை நாம் ஒரே பொருளாகப் பார்த்துப் பழகிவிட்டோம். "சாவு பயம், வேறென்ன" என்று முடித்துவிடுகிறோம். இவரிடம் அது குறைந்தது ஐந்து வெவ்வேறு விஷயங்களாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. அவற்றைக் கையாண்ட வரிசையும் முக்கியமாக இருந்தது. அதற்காகத்தான் இந்த நிகழ்வை விரிவாக எழுதுகிறோம். (அடையாளம் தெரியக் கூடாது என்பதால், இதே போன்ற பல நோயாளிகளின் கூறுகளைச் சேர்த்து, விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

வீட்டில் கணவர், மகள், மகளின் ஆறு வயது மகன். இளையவரான மகன் வேறு ஊரில் வேலையில் இருந்தார். கவனிப்பு முழுவதும் மகள் கையில். மருந்து, கோப்பு, மருத்துவரிடம் பேசுவது எல்லாம் அவர்தான்.

முதல் மதிப்பீடு: கால்களைப் பார்த்த நர்ஸ்

முதலில் வீட்டுக்குப் போனவர் எங்கள் நர்ஸ். எட்மன்டன் அறிகுறி அளவுகோலை நிரப்பி வந்தார். 1991-இல் எடுவார்டோ புருவேராவும் உடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்டது அது. வலி, குமட்டல், களைப்பு, பதற்றம் போன்றவற்றுக்கு நோயாளியே பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை எண் சொல்ல வேண்டும். இவர் சொன்ன எண்கள்: வலி 3, குமட்டல் 4, களைப்பு 7, மனச்சோர்வு 5, பதற்றம் 9.

எண்களைவிட நர்ஸ் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புதான் எங்களுக்கு உதவியது. "பேசும்போது கால்களை மாற்றி மாற்றிப் போடுகிறார். இரண்டு முறை எழுந்து ஜன்னல் வரை நடந்துவிட்டு வந்தார். 'பயத்துல நடக்கலை சிஸ்டர், உட்கார முடியலை, அதான் நடக்கிறேன்' என்கிறார்." எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, குமட்டலுக்குப் புது மாத்திரை ஆரம்பித்த வாரத்திலிருந்து என்று பதில் வந்தது.

அந்த மாத்திரை மெட்டோகுளோப்ரமைடு. மூளையில் டோபமைன் ஏற்பிகளைத் தடுக்கும் மருந்து. சிலருக்கு ஓரிரு நாட்களிலேயே அகத்தீசியா என்ற நிலையைக் கொண்டுவரும்: உள்ளுக்குள் அடங்காத தவிப்பு, கால்களை அசைக்காமல் இருக்க முடியாமை, எழுந்து நடந்தால் கொஞ்சம் நிம்மதி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கடும் பதற்றமாகவே தெரியும். அதை மனப் பதற்றம் என்று நினைத்து ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் அதுவும் டோபமைனைத் தடுப்பதுதான். பசிக்காகவும் கல்லீரல் வீக்க வலிக்காகவும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் போய்க்கொண்டிருந்தது. நாளுக்கு இரண்டு வேளை, இரண்டாவது வேளை இரவு எட்டு மணிக்கு. அந்த நேரத்தில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் தூக்கம் எங்கிருந்து வரும்?

மெட்டோகுளோப்ரமைடை நிறுத்தினோம். இசிஜி பார்த்துவிட்டு, மூளைக்குள் அதிகம் நுழையாத டோம்பெரிடோனுக்கு மாற்றினோம். ஸ்டீராய்டு முழுவதையும் காலை ஒரே வேளையாக்கினோம். கால் தவிப்பு சில நாட்களில் அடங்கியது. இரவில் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கினார். பதற்றம் 9-லிருந்து 6-க்கு வந்தது.

இது மனநலப் பராமரிப்பா, மருந்து நிர்வாகமா என்று கேட்கலாம். அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது? நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் பிறகு மருத்துவராகவும் இருந்தவர் சிசிலி சாண்டர்ஸ். 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற, இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான இல்லத்தைத் தொடங்கியவர். உடல், மனம், உறவு, ஆன்மிகம் நான்கும் பின்னிக்கிடக்கும் "முழு வலி" என்று அவர் விவரித்தது இதைத்தான். நடைமுறையில் அதன் பொருள், மனதைப் பற்றிப் பேச உட்காருவதற்கு முன் மருந்துப் பட்டியலையும் மலச்சிக்கலையும் மூச்சையும் பார்த்துவிடுவது. இரவெல்லாம் நடந்துகொண்டிருப்பவரிடம் வாழ்க்கையின் அர்த்தம் பற்றிப் பேச முடியாது.

மனச்சோர்வா என்ற கேள்வி

மிச்சம் இருந்த 6-க்கு வருவோம்.

மனச்சோர்வைக் கண்டறிய வழக்கமாகக் கேட்பவை இங்கே உதவாது. பசியில்லை, எடை குறைந்தது, களைப்பு, தூக்கமில்லை: எல்லாமே புற்றுநோயிலும் வரும். ஜீன் எண்டிகாட் 1984-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். உடல் அறிகுறிகளுக்குப் பதிலாக வேறு நான்கைப் பாருங்கள்: முகத்தில் தெரியும் சோகம், அல்லது அடிக்கடி வரும் அழுகை, பேச்சையும் ஆட்களையும் தவிர்ப்பது, தன்னிரக்கத்திலும் நம்பிக்கையின்மையிலும் உழன்றுகொண்டிருப்பது, எந்த நல்ல விஷயத்துக்கும் முகம் மலராதது. இன்னொரு வழி நேராகக் கேட்பது. "பெரும்பாலான நேரம் மனச்சோர்வாக இருக்கிறதா?" என்ற ஒற்றைக் கேள்வி போதும் என்று 1997-இல் கனடாவில் ஹார்வி சோச்சினோவின் குழு காட்டியது. பிற்பாடு பிரிட்டனில் சோதித்தபோது அது அவ்வளவு நன்றாக வேலை செய்யவில்லை. கேள்வியைக் கேட்பதில் தவறில்லை, அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

இவர் பேரன் வந்தால் சிரித்தார். பழைய அலுவலகக் கதைகளைச் சொல்லும்போது குரல் மாறியது. ஆனால் "இனிமே என்னால ஒண்ணும் ஆகாது, எல்லாருக்கும் பாரம்" என்பதை ஒவ்வொரு சந்திப்பிலும் சொன்னார். இன்றைய நொடியில் மகிழ முடிகிறது. நாளையை நோக்கி எதையும் வைக்க முடியவில்லை. ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் டேவிட் கிஸேன் 2001 வாக்கில் மனச்சோர்விலிருந்து பிரித்துக் காட்டிய மனத்தளர்வு நிலை ஏறக்குறைய இதுதான். மனச்சோர்வில் இன்பமே வற்றிப்போகிறது. மனத்தளர்வில் இன்பம் இருக்கிறது. தன்னால் ஒன்றும் முடியாது, இதில் அர்த்தமில்லை என்ற எண்ணம்தான் ஆளை வீழ்த்துகிறது.

ஒரு நாள் "சீக்கிரம் முடிஞ்சா நல்லது" என்றார். இதைக் கேட்டதும் பேச்சை மாற்றுவதுதான் பெரும்பாலோர் செய்வது, மருத்துவர்களும்தான். நாங்கள் நேராகவே கேட்டோம்: உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா, அதற்கு ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா? கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. "அய்யோ, அதெல்லாம் இல்லை. எல்லாரையும் இப்படிக் காக்க வெச்சிருக்கேனே, அதைச் சொன்னேன்" என்றார்.

மனச்சோர்வு மருந்து தொடங்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அவருக்கு இருந்தது சில வாரங்கள் என்றே கணித்தோம். செர்ட்ரலின் போன்ற மருந்து பலன் காட்டவே பல வாரங்கள் ஆகும். குழுவில் ஒருவர், தூக்கத்துக்கும் குமட்டலுக்கும் சேர்த்து உதவும் என்று மிர்ட்டசபின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தைக் கொடுக்கலாம் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. தூக்கம் ஏற்கெனவே திரும்பியிருந்ததால் காத்திருந்தோம். கணையப் புற்றுநோயில் மனச்சோர்வு மற்ற பல புற்றுநோய்களைவிட அடிக்கடி வருகிறது என்பதால் ஒவ்வொரு சந்திப்பிலும் மறுபடி பார்த்தோம்.

விடுபட்ட மூன்றாம் பக்கம்

முதல் நாளே மகள் எங்கள் மருத்துவரை வாசலில் நிறுத்திச் சொன்னார்: "சார், அம்மாகிட்ட எதையும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அன்னைக்கே படுத்துடுவாங்க."

இந்த இடத்தில் நோயாளியின் உரிமை பற்றிப் பாடம் எடுப்பது எளிது. அதனால் யாருக்கும் பலனில்லை. மருத்துவர் முதலில் கேட்டது, "உங்கம்மாவைப் பத்தி உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" அடுத்தது, "இதை மறைச்சு வெச்சிருக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு?" இரண்டாவது கேள்விக்குத்தான் அவர் அழுதார். ஒவ்வொரு அறிக்கையையும் முதலில் தானே பிரித்துப் படித்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போக வேண்டும். அப்பாவிடமும் முழுதாகப் பேச முடியாது. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நாங்களாக எதையும் சொல்ல மாட்டோம். அவருக்கு என்ன தெரியும் என்று கேட்போம். அவரே கேட்டால் பொய் சொல்ல மாட்டோம். மகள் அரைமனதோடு சம்மதித்தார்.

தூக்கம் திரும்பிய வாரத்தில் மருத்துவர் கேட்டார்: "உங்க உடம்பு எப்படிப் போயிட்டிருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க?"

அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஓர் அறிக்கையின் நகலை எடுத்தார். "நாலு பக்க ரிப்போர்ட்ல மூணாம் பக்கம் இல்லை. பக்க எண் பார்க்கிறதுதானே இத்தனை வருஷமா என் வேலை. இல்லாத பக்கத்துல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பாவம், என் பொண்ணு சிரமப்பட்டு எடுத்திருக்கா. நானும் கேட்கலை."

1960-களில் கலிஃபோர்னிய மருத்துவமனைகளில் சாவை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் இதைப் பரஸ்பரப் பாசாங்கு என்று விவரித்தார்கள். எல்லோருக்கும் தெரியும், தெரியாதது போல எல்லோரும் நடிக்கிறார்கள். நடிப்பு குலையாமல் இருக்க, ஆபத்தான பேச்சுகளை எல்லோரும் சுற்றி வளைத்துப் போகிறார்கள். பகலில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது இது சமாளிக்கக்கூடியது. இரவில் மற்றவர்கள் தூங்கிய பிறகு, நினைப்பதற்கு அது ஒன்றுதான் மிச்சம்.

அதற்குப் பிறகுதான் பயத்தைப் பற்றி விவரமாகப் பேச முடிந்தது. "எதை நினைத்தால் ரொம்பப் பயமாக இருக்கிறது?" என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். சாவே பட்டியலின் முதலில் இல்லை. மூச்சுத் திணறிச் சாவேனா. வலி தாங்காமல் கத்தி, பேரன் கேட்டுவிடுவானா. நான் தூங்குகிறேன் என்று நினைத்து என் எதிரிலேயே என்னைப் பற்றிப் பேசுவார்களா. கணவருக்குப் பணம் காசு, ஆவணம் எதுவும் எங்கே இருக்கிறதென்று தெரியாதே.

இவை எல்லாமே பதில் உள்ள கேள்விகள். கல்லீரலுக்குப் பரவிய நோயில் பெரும்பாலும் நடப்பது என்ன என்பதை விளக்கினோம்: தூக்கம் கூடிக்கொண்டே போகும், சாப்பாடு குறையும், கண்களில் மஞ்சள் ஏறலாம், விழித்திருக்கும் நேரம் சுருங்கும். மூச்சுத் திணறல் வந்தால் குறைந்த அளவு மார்ஃபின் அதைத் தணிக்கும். இரவில் வலி வந்தால் எந்த மருந்து, எவ்வளவு, யார் கொடுப்பது, எப்போது எங்களை அழைப்பது என்று ஒரே தாளில் எழுதி, மருந்துகளையும் ஒரு பெட்டியில் போட்டுத் தந்தோம். அந்தத் தாளில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். கணவரின் படுக்கை அதே அறைக்கு மாறியது. எதிரில் வைத்துப் பேசக் கூடாது என்பதைக் குழுவில் எல்லோரும் ஒரு விதியாகவே எடுத்துக்கொண்டோம்: அவர் கண் மூடியிருந்தாலும் அவரிடம் சொல்லிவிட்டே தொடுவது, அவரைப் பற்றிய பேச்சை வெளியே வைத்துக்கொள்வது.

ஆவண விஷயம் நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகப் போனது. சமூகப் பணியாளர் உதவியோடு கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வங்கி, காப்பீடு, வீட்டுப் பத்திரம் என்று ஒவ்வொரு கோப்பாகப் பிரித்து, மேலே சீட்டு ஒட்டினார். தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, ஆனாலும் முடித்தார். "பாரம்" என்ற பேச்சு குறைந்தது இந்த நாட்களில்தான். மனத்தளர்வுக்கு நாங்கள் தந்த சிகிச்சை எது என்று கேட்டால், உரையாடல்களுக்கு முன்னால் இந்தக் கோப்புகளையே சொல்வோம்.

குடும்பச் சந்திப்பு

அவரே கூட்டச் சொன்னார். கணவர், மகள் நேரில், மகன் போனில். என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே எங்களோடு பேசி வைத்திருந்தார். "எனக்குத் தெரியும். ரொம்ப நாளா தெரியும்" என்று ஆரம்பித்தார். மகளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். "அப்போ ஏன்மா எங்கிட்ட சொல்லலை?" "நீ ஏன்டி எங்கிட்ட சொல்லலை?" இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள், அப்புறம்தான் அழுதார்கள். கணவர் எதுவும் பேசவில்லை. அவரைப் பேசவைக்க நாங்களும் முயலவில்லை.

மகன் இன்னொரு கீமோ இருக்கிறதாம், வேறொரு மருத்துவரைப் பார்க்கலாம் என்றார். அம்மா வேண்டாம் என்று சொன்னதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். புற்றுநோய் மருத்துவரோடு தனியாகப் பேச ஏற்பாடு செய்தோம். பேசினார்; ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

உண்மையைப் பேசினால் நோயாளி நொறுங்கிவிடுவார் என்ற அச்சத்துக்கு ஆதாரம் வலுவாக இல்லை. 2008-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், இறுதிக்கட்டம் பற்றி மருத்துவரோடு பேசியிருந்த புற்றுநோயாளிகளிடம் மனச்சோர்வோ கவலையோ கூடுதலாகக் காணப்படவில்லை. கடைசி வாரத்தில் தீவிர சிகிச்சைகள் குறைவாக இருந்தன. அது ஒப்பீட்டுச் சோதனை இல்லை, பேசியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது மட்டும்தான். ஜெனிஃபர் டெமல் குழுவின் 2010 ஆய்வு சீரற்ற முறையில் பிரித்துச் செய்யப்பட்டது: பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில், ஆரம்பத்திலேயே பாலியேட்டிவ் பராமரிப்பும் பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 38 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. எங்கள் நோயாளி ஆரம்பத்தில் வரவில்லை. கீமோ ஓடிக்கொண்டிருந்தபோதே அனுப்பியிருந்தால் அந்தத் தூக்கமில்லாத வாரங்களைத் தவிர்த்திருக்கலாம் என்பது எங்கள் கருத்து.

சந்திப்பு முடிந்ததும் மகள் கேட்டார், "அம்மா இப்போ அந்த அஞ்சு கட்டத்துல எதுல இருக்காங்க?" எலிசபெத் கியூப்லர்-ராஸ் 1969-இல் முன்வைத்த மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்தைத்தான் சொன்னார். எல்லோரும் அந்த வரிசையில் போவார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இவர் காலையில் கோப்புகளுக்குச் சீட்டு ஒட்டிவிட்டு, மாலையில் அடுத்த வருடம் பேரனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று பேசுவார். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

எழுதி வைத்தது

சோச்சினோ உருவாக்கிய கண்ணியச் சிகிச்சையில், வாழ்க்கையில் எது முக்கியமாக இருந்தது, எதற்காக நினைவுகூரப்பட வேண்டும், நெருங்கியவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பன போன்ற கேள்விகளைக் கேட்டு, பதிலைப் பதிவு செய்து, தட்டச்சு செய்து, நோயாளிக்கே படித்துக் காட்டித் திருத்தி, அவர் விரும்பியவரிடம் கொடுப்பார்கள். 2011-இல் வந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வில் மன உளைச்சல் அளவுகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதைப் பெற்றவர்கள் உதவியாக இருந்தது என்றும், குடும்பத்துக்கும் பயன்படும் என்றும் மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். எனவே இதை எல்லோருக்கும் நாங்கள் முன்வைப்பதில்லை. எழுத்தே வாழ்க்கையாக இருந்தவருக்கு முன்வைக்காமல் இருக்கவும் முடியாது.

தட்டச்சுப் பிரதியைச் சிவப்புப் பேனாவோடு வாங்கிக்கொண்டார். தன் அக்காவோடு இருந்த பழைய மனஸ்தாபம் பற்றிய பத்தி ஒன்றை முழுதாக அடித்தார். அக்கா இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அடித்ததற்குக் காரணம் கேட்டபோது, "படிக்கிறவங்களுக்குத் தேவையில்லை. எனக்குச் சொல்லிட்டாப் போதும்" என்றார். இப்படி ஒரு பகுதி வெளியே போகலாமா, கூடாதா என்பதை நோயாளியிடம் வாய்விட்டுக் கேட்பது இந்த முறையில் மிக முக்கியம். இல்லாவிட்டால் ஆறுதலாகத் தொடங்கியது அவர் போன பிறகு வீட்டில் சண்டையாக முடியும்.

பேரன்

சிறுவனிடம் சொல்லலாமா என்பதில் வீட்டில் இரண்டு கருத்து. ஆறு வயதில் பெரும்பாலான குழந்தைகள், செத்தவர் திரும்ப மாட்டார் என்பதைப் புரிந்துகொள்ளத் தொடங்கியிருப்பார்கள். "பாட்டி தூங்கப் போறாங்க", "ஊருக்குப் போறாங்க" என்று சொன்னால் தூங்கவே பயப்படும் குழந்தைகள் உண்டு. அவன் அம்மாவே, எளிய வார்த்தைகளில் சொன்னார்: பாட்டி உடம்புல ஒரு நோய், மருந்தால இனி சரியாகாது, பாட்டி செத்துப்போயிடுவாங்க. கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டது, "நான் சத்தம் போட்டதாலயா?" இந்த வயதில் இந்தக் கேள்வி கிட்டத்தட்ட எதிர்பார்க்க வேண்டியது. அவன் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்: யாரும் எதுவும் செய்ததால் வரவில்லை, உனக்கும் ஒட்டாது. பதில் கிடைத்ததும் விளையாடப் போய்விட்டான். தாத்தாவுக்கு அது வருத்தமாக இருந்தது. குழந்தைகள் துக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

கடைசி இரண்டு வாரங்கள்

அக்கா வந்து கட்டிலோரம் உட்கார்ந்திருப்பதாகக் கனவு கண்டேன் என்றார். மகள் பதறிப்போய் எங்களை அழைத்தார். அமெரிக்காவில் பஃபலோ நகர ஹாஸ்பிஸ் ஒன்றில் கிறிஸ்டோபர் கெர்ரும் சக ஆய்வாளர்களும் 59 நோயாளிகளிடம் தொடர்ந்து கேட்டபோது, பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இப்படிக் கனவோ காட்சியோ கண்டதாகச் சொன்னார்கள். இறந்துபோன உறவினர் வரும் கனவுகள் மற்றவற்றைவிட அதிக ஆறுதல் தந்தன. இவரும் நிதானமாக, இடம் பொருள் தெரிந்து, சந்தோஷமாகவே சொன்னார். மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

சில நாட்கள் கழித்து வந்தது வேறு. பகலெல்லாம் தூக்கம், இரவில் விழிப்பு, போர்வையைப் பிய்ப்பது, கணவரை அடையாளம் தெரியாமல் விரட்டுவது. டெலிரியம், அதாவது உடல்நிலையால் திடீரென வரும் மனக்குழப்பம். இறுதி நாட்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வரும் இதை, பதற்றம் திரும்பிவிட்டது என்று தவறாக எடுத்துக்கொள்வது சுலபம். காரணம் தேடினோம். சிறுநீர்ப்பை நிரம்பி அடைத்திருந்தது. குழாய் வைத்ததும் பாதி அமைதி வந்தது. உடல் மார்ஃபினை வெளியேற்றும் வேகம் குறைந்திருந்ததால் அளவை மாற்றினோம். அறையில் வெளிச்சம், பழகிய முகம், மெதுவான பேச்சு. மருந்தை எடுத்த எடுப்பில் கொடுக்காததற்குக் காரணம் உண்டு: 2017-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், பாலியேட்டிவ் நோயாளிகளின் மிதமான டெலிரியத்துக்கு ஹாலோபெரிடாலும் ரிஸ்பெரிடோனும் வெற்று மருந்தைவிட மோசமாகவே இருந்தன. இவருக்கு அகத்தீசியா வந்த வரலாறும் இருந்தது.

ஓர் இரவு கணவர் போனில், "தூங்க வெச்சிடுங்க சார், பார்க்க முடியலை" என்றார். டெலிரியத்தில் நோயாளியைவிட வாழ்க்கைத்துணை அதிகம் துன்பப்படுவதை 2002-இல் பிரெய்ட்பார்ட் குழு அளந்து காட்டியிருக்கிறது. முழு மயக்கத்தில் ஆழ்த்துவது, வேறெதற்கும் கட்டுப்படாத துன்பத்துக்கு மட்டும் என்று வைத்திருக்கிறோம். முதலில் நர்ஸ் போய் இரவு முழுக்க இருந்தார். கணவர் வேறு அறையில் தூங்கினார். கடைசி இரண்டு நாள் மட்டும் மிடாசோலம் என்ற அமைதிப்படுத்தும் மருந்து குறைந்த அளவில் தேவைப்பட்டது.

தொண்டையில் கரகரப்புச் சத்தம் வரும், அது அவருக்குத் திணறலாக இருக்காது என்பதை முன்பே சொல்லி வைத்திருந்தோம். காது கேட்குமா என்று மகள் கேட்டார். கனடாவில் 2020-இல் வெளிவந்த சிறிய ஆய்வொன்றில், பதிலளிக்காத நிலையில் இருந்த சில ஹாஸ்பிஸ் நோயாளிகளின் மூளை ஒலிக்கு எதிர்வினை காட்டியது. புரிந்துகொண்டார்களா என்பது வேறு கேள்வி. பேசுங்கள் என்றோம். மகன் வந்துசேர்ந்தார்; பெரும்பாலும் வெளி அறையிலேயே இருந்தார். குடும்பத்தார் பக்கத்தில் இருக்க, அம்மா வீட்டிலேயே இறந்தார்.

இறப்புக்குப் பிறகு

கணவரும் மகளும் சில நாள் துக்கத்தில் மூழ்குவதும், சில நாள் வேலைகளில் இறங்குவதுமாக இருந்தார்கள். மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும் 1999-இல் சொன்ன இந்த ஊசலாட்டம் வழக்கமானதே. தனிச் சிகிச்சை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மகன் விஷயம் அப்படியில்லை. ஏழு மாதங்களுக்குப் பிறகும் கீமோவை நிறுத்தியதே தவறு என்ற எண்ணத்திலிருந்து அவரால் நகர முடியவில்லை. வேலைக்குப் போவது நின்றிருந்தது. வீட்டுக்கு வருவதைத் தவிர்த்தார். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் நீடித்த துயரக் கோளாறுக்குக் குறைந்தது ஆறு மாதம் என்கிறார்கள். 2022-இல் திருத்தப்பட்ட அமெரிக்க மனநலக் கையேட்டில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம். எந்தக் கையேடு என்று பார்த்துக் காத்திருக்காமல், துக்கச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் அனுப்பினோம். இதை எழுதும்போதும் அவர் போய்வந்துகொண்டிருக்கிறார். அம்மா எழுதி வைத்ததை இன்னும் படிக்கவில்லை.

எதைப் பொதுமைப்படுத்த முடியாது

இவர் பேசக்கூடியவர், எழுத்தறிவு மிக்கவர், கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னவர். கவனிக்கும் குடும்பமும், இரவில் அழைத்தால் வரும் குழுவும் இருந்தன. மறதி நோயில் இருப்பவரிடமோ, பக்கவாதத்தில் பேச்சை இழந்தவரிடமோ பயங்களைக் கேட்டுப் பட்டியலிட முடியாது. முகம், கை, மூச்சின் வேகம், தொடும்போது உடல் இறுகுவது ஆகியவற்றைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். தன் நிலை பற்றி எதுவும் தெரிய வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லும் நோயாளிகளும் உண்டு. அவர்களிடம் மூன்றாம் பக்கத்தைத் திணிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. மருந்துப் பட்டியலைப் பார்ப்பது, சிறுநீர்ப்பையைத் தொட்டுப் பார்ப்பது, ஸ்டீராய்டைக் காலைக்கு மாற்றுவது ஆகியவற்றை மட்டும் யாருக்கும் எங்கேயும் செய்யலாம். அதற்கு மனநல நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.